ஆள் தேடுகிறோமா, ஆளைத் தேடுகிறோமா?

'ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ் இன் ஜாவா.' நேர்காணலில் இப்படிச் சொல்பவர், ஜாவாவில் தனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர் காதில் விழுவதோ, 'அனுபவம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை' என்பது. நடுவில் விடுபட்டது ஒரே ஓர் எழுத்து. 'எ லிட்டில்' என்றால் கொஞ்சம் உண்டு. வெறும் 'லிட்டில்' என்றால் இல்லை என்று சொல்லாத குறை.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து நின்று எது, யாருடையது, எத்தனை, எவ்வளவு என்று காட்டும் இந்தச் சொற்களுக்கு ஆங்கில இலக்கணத்தில் டிடர்மினர் என்று பெயர். 'எ', 'ஆன்', 'தி', 'திஸ்', 'தட்', 'மை', 'சம்', 'எனி', 'ஃபியூ', 'மெனி', 'ஈச்', 'எவ்ரி' எல்லாம் இந்தக் குடும்பம்தான். ரென் அண்ட் மார்ட்டின் படித்து வளர்ந்தவர்களுக்குப் பெயர் கொஞ்சம் புதிதாக இருக்கலாம். 'எ', 'தி' இரண்டையும் ஆர்ட்டிகிள் என்றும், மற்றவற்றில் பெரும்பாலானவற்றை அட்ஜெக்டிவ் வகைகள் என்றும் பிரித்துப் படித்த தலைமுறை அது. பெயர் எப்படிப் போனாலும் சொற்களும் அவை செய்யும் வேலையும் மாறவில்லை. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் சொல்லே 'தி'தான்.

இதற்கான விதிகளை மொத்தமாக மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் சீக்கிரமே சலித்துப்போகும். நான் சொல்லும் வழி வேறு. தவறுகளைச் சேதத்தின் அளவை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். சில தவறுகள் காதுக்கு நெருடும், ஆனால் பொருள் கெடாது. 'ஐ ஆம் இன்ஜினியர்' என்று 'ஆன்' இல்லாமல் சொன்னாலும் நீங்கள் இன்ஜினியர் என்பது புரிந்துவிடும். வேறு சில தவறுகள் நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிரான பொருளைத் தந்துவிடும், அதுவும் இலக்கணப் பிழையே இல்லாமல். இந்த இரண்டாம் வகையை இந்த வாரமே சரிசெய்யுங்கள். முதல் வகை படிக்கப் படிக்கத் தானே சரியாகும்.

பொருளையே புரட்டிப்போடுபவை

அலுவலக மின்னஞ்சலில் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் சொல் 'ஃபியூ' என்பது என் கணிப்பு. 'ஐ ஹேவ் ஃபியூ டவுட்ஸ் அபௌட் திஸ் டிசைன்' என்று எழுதுகிறோம். எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன, பதில் வந்ததும் வேலையைத் தொடங்குகிறேன் என்பது நம் மனதில் இருப்பது. லண்டனில் இருக்கும் கிளையன்ட் அதை 'இந்த டிசைனில் எனக்குச் சந்தேகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை' என்று படிப்பார். மகிழ்ச்சியோடு 'கோ அஹெட்' என்று பதில் போடுவார். நீங்கள் கேள்விகளை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருப்பீர்கள். போதாக்குறைக்கு, 'டவுட்' என்பதை அவர்கள் அவநம்பிக்கை என்ற பொருளில்தான் எடுத்துக்கொள்வார்கள். நாம் வகுப்பறையில் கை தூக்கிக் கேட்கும் டவுட் அங்கே 'க்வெஸ்சன்'. 'ஐ ஹேவ் எ ஃபியூ க்வெஸ்சன்ஸ்' என்று எழுதினால் இரண்டு சிக்கலும் ஒரே வரியில் தீரும்.

இதோடு நிற்கவில்லை. மேலாளர் 'க்வைட் எ ஃபியூ கம்ப்ளைண்ட்ஸ்' வந்திருக்கின்றன என்றால் 'ஏதோ சில' என்று எண்ணி நிம்மதி அடையாதீர்கள். அது 'நிறைய' என்று பொருள். 'ஒன்லி எ ஃபியூ' என்றால் மறுபடியும் குறைவு. எண்ண முடிந்தவற்றுக்கு 'ஃபியூ', எண்ண முடியாதவற்றுக்கு 'லிட்டில்'. இரண்டிலும் முன்னால் 'எ' வந்தால் 'இருக்கிறது' என்ற தொனி, வராவிட்டால் 'போதாது' என்ற தொனி.

அடுத்து, மறுப்போடு சேரும் 'எனி', 'எவ்ரி', 'ஆல்'. 'வீ கெனாட் அக்செப்ட் எவ்ரி சேஞ்ச் ரிக்வெஸ்ட்' என்றால் எல்லாவற்றையும் ஏற்க முடியாது, ஆனால் சிலவற்றை ஏற்போம். 'எவ்ரி' இருந்த இடத்தில் 'எனி' போட்டால் எதையுமே ஏற்க மாட்டோம், கதவு சாத்தியாகிவிட்டது. தமிழில் 'எல்லாவற்றையும்', 'எதையும்' என்று இரண்டையும் தெளிவாகப் பிரித்துத்தான் பேசுகிறோம். ஆங்கிலத்துக்குப் போகும்போது மட்டும் கை தடுமாறுகிறது.

'ஆல் தி மாட்யூல்ஸ் ஆர் நாட் ரெடி' என்ற வாக்கியம் இன்னும் ஆபத்தானது. ஒரு மாட்யூல்கூட முடியவில்லையா, அல்லது சில முடிந்து சில பாக்கியா? ஆங்கிலம் படிப்பவருக்கு இரண்டில் எது என்று தெரியாது. 'எல்லா மாட்யூலும் ரெடி இல்லை' என்று நாம் பேசும்போது குரலின் ஏற்ற இறக்கம் மீதியைச் சொல்லிவிடும். மின்னஞ்சலுக்குக் குரல் கிடையாது. சில முடிந்துவிட்டன என்றால் 'நாட் ஆல் தி மாட்யூல்ஸ் ஆர் ரெடி' என்று எழுதுங்கள். எதுவுமே முடியவில்லை என்றால் 'நன் ஆஃப் தி மாட்யூல்ஸ் இஸ் ரெடி' என்று துணிந்து எழுதிவிடுங்கள். மழுப்பலான வாக்கியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் இரண்டு நாள் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

கெடு சொல்லும்போதும் 'தி' கவனம் கேட்கும். வியாழக்கிழமை உட்கார்ந்து 'நெக்ஸ்ட் வீக்' என்று எழுதினால் வரும் திங்கள் தொடங்கும் வாரம். 'இன் தி நெக்ஸ்ட் வீக்' என்றால் இந்த நிமிடத்திலிருந்து ஏழு நாள். இரண்டுக்கும் இடையே சனி ஞாயிறு வேலை பார்க்க வேண்டிய நிலைமைகூட வரலாம். இந்த இடத்தில் தேதியைப் போட்டுவிடுவதே உத்தமம்.

'எ'யா 'தி'யா: தமிழே சொல்லித் தரும்

தமிழில் 'தி' கிடையாது, அதனால்தான் நமக்கு வரவில்லை என்று பலர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். ரஷ்ய, சீன, ஜப்பானிய மொழிகளிலும் ஆர்ட்டிகிள் கிடையாது; அங்கிருந்து வருபவர்களும் திணறத்தான் செய்கிறார்கள். ஆனால் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. 'தி' செய்யும் வேலையை நாம் தினமும் இன்னொரு கருவியால் செய்துகொண்டுதான் இருக்கிறோம். இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ'தான் அது.

கடை வாசலில் 'ஆள் தேடுகிறோம்' என்று பலகை தொங்கினால் அங்கே வேலை காலி இருக்கிறது. 'ஆளைத் தேடுகிறோம்' என்று கடைக்காரர் சொன்னால் யாரோ கல்லாவில் கை வைத்துவிட்டு ஓடிவிட்டார் என்று அர்த்தம். முதலாவது 'எ', இரண்டாவது 'தி'. மேலாளர் 'ரிப்போர்ட் அனுப்புங்க' என்றால் ஏதோ ஒரு ரிப்போர்ட் இனிமேல்தான் தயாராக வேண்டும். 'ரிப்போர்ட்டை அனுப்புங்க' என்றால் எந்த ரிப்போர்ட் என்பது உங்கள் இருவருக்கும் தெரியும், இன்னும் ஏன் அனுப்பவில்லை என்ற அதட்டலும் அதில் இருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தைகூட இந்த வேறுபாட்டைப் பிசகாமல் பேசுகிறது.

ஆகவே எழுதும்போது தயக்கம் வந்தால், அந்தப் பெயர்ச்சொல்லைச் செயப்படுபொருளாக வைத்துத் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். வாயில் 'ஐ' தானாக வந்தால் 'தி' போடலாம். வராவிட்டால் 'எ', அல்லது பன்மையாக இருந்தால் எதுவும் வேண்டாம். இது முதல் சல்லடை மட்டுமே. ஆட்பெயர்கள் எப்போதும் 'ஐ' ஏற்கும். 'ஒரு ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தேன்' என்று 'ஒரு'வும் 'ஐ'யும் சேர்ந்தும் வரும். அப்படிப்பட்ட இடங்களில் சல்லடையைத் தூக்கி வைத்துவிட்டு மூலக் கேள்விக்குப் போங்கள்: எதைச் சொல்கிறேன் என்று படிப்பவருக்குத் தெரியுமா?

'படிப்பவருக்கு' என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. இரவெல்லாம் கண் விழித்துப் பேமெண்ட் பக்கத்துக் கோளாறைச் சரிசெய்தவருக்கு உலகத்தில் ஒரே ஒரு கோளாறுதான் தெரியும். அவர் காலையில் 'தி இஷ்யூ இஸ் ரிசால்வ்ட்' என்று ஒரு வரி அனுப்புவார். கிளையன்டின் மேசையில் அன்று ஐந்து டிக்கெட் திறந்திருக்கும். எந்த இஷ்யூ என்று அவர் பதில் கேட்க, நேர வித்தியாசத்தில் ஒரு நாள் போகும். ஏற்கெனவே பேசியது, உலகில் அல்லது அந்த நிறுவனத்தில் ஒன்றே ஒன்று உள்ளது, பின்னால் வரும் சொற்களே அடையாளம் காட்டுவது என்ற மூன்று நிலைகளில் 'தி' பத்திரம். 'தி சி.இ.ஓ.', 'தி சர்வர் ரூம்', 'தி ரிப்போர்ட் யூ சென்ட் எஸ்டர்டே' எல்லாம் அப்படித்தான். இவற்றில் எதிலும் சேராத புதுச் செய்தியை 'எ' போட்டு அறிமுகம் செய்துவிட்டு, அடுத்த வாக்கியத்திலிருந்து 'தி' என்று பேசுங்கள்.

'தி'யை விடுவதாலும் வேடிக்கை நடக்கும். 'அவர் அலுவலகத்தில் இல்லை' என்று சொல்ல 'ஹி இஸ் நாட் இன் ஆபீஸ்' என்கிறோம். 'இன் ஆபீஸ்' என்பது பதவியில், ஆட்சியில் இருப்பதைக் குறிக்கும் தொடர். உங்கள் மேலாளர் தேர்தலில் தோற்றுவிட்டார் என்று சொல்லாமல் இருக்க, 'நாட் இன் தி ஆபீஸ்' என்று எழுதுங்கள். மறுபுறம், வேண்டாத இடத்தில் 'தி' சேர்ப்பதும் உண்டு. வாடிக்கையாளர்கள் பொதுவாக எதை விரும்புகிறார்கள் என்று சொல்ல 'கஸ்டமர்ஸ் வாண்ட்' போதும். 'தி கஸ்டமர்ஸ் வாண்ட்' என்றால் குறிப்பிட்ட சில வாடிக்கையாளர்கள்.

விடுபட்ட ஒரு 'தி' எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1967 நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 242-ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அந்த ஆண்டு ஜூன் மாதப் போரில் பிடித்த நிலப்பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்பது அதன் ஒரு கூறு. ஆங்கில வாசகத்தில் 'ஃப்ரம் டெரிட்டரீஸ்' என்று இருக்கிறது. 'தி'யும் இல்லை, 'ஆல்' என்பதும் இல்லை. எல்லாப் பகுதிகளிலிருந்தும் விலக வேண்டும் என்று அது சொல்லவில்லை என்பது இஸ்ரேலின் வாதம். பிடித்த அனைத்திலிருந்தும் விலக வேண்டும் என்பதே பொருள் என்பது அரபு நாடுகளின் வாதம். பிரெஞ்சு வாசகத்தில் இருக்கும் 'டெ' என்ற சொல் 'தி' போட்டது போலவும் படிக்க இடம் தருவதால், அதையும் மேற்கோள் காட்டி வாதாடுகிறார்கள். அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தச் சண்டை ஓயவில்லை. வரைவு எழுதியவர்கள் அறியாமல் விட்ட 'தி' அல்ல அது. இரு தரப்பும் ஏற்கும்படி ஒரு வாசகம் வேண்டும் என்று தெரிந்தே வைத்த இடைவெளி.

நம் வேலைக்கு நெருக்கமான உதாரணம் காப்புரிமை விண்ணப்பம். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வெளிநாட்டு விண்ணப்பங்களுக்கு வரைவு எழுதுபவர்களுக்கு இது பாலபாடம். உரிமைக்கோரலில் ஒரு பாகம் முதல்முறை வரும்போது 'எ வால்வ்', அடுத்த முறையிலிருந்து 'தி வால்வ்'. முன்னால் அறிமுகம் செய்யாமல் திடீரென்று 'தி வால்வ்' என்று எழுதினால், எந்த வால்வ் என்று கேட்டுப் பரிசோதகர் திருப்பி அனுப்புவார். அமெரிக்கக் காப்புரிமை வழக்கில் 'கம்ப்ரைசிங்' என்று தொடங்கும் கோரலில் வரும் 'எ' பொதுவாக 'ஒன்றோ அதற்கு மேலோ' என்று படிக்கப்படும். ஆகவே அங்கே 'எ'க்குப் பதில் 'ஒன்' என்று எழுதும் பழக்கம் கண்டுபிடிப்பின் எல்லையையே சுருக்கிவிடலாம்.

'ஒன்' பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. தமிழ் 'ஒரு' இரண்டு வேலை பார்க்கிறது. 'ஒரு மீட்டிங் இருக்கு' என்பதில் எண்ணிக்கை முக்கியம் இல்லை. 'ஒரு இட்லி போதும்' என்பதில் எண்ணிக்கைதான் முக்கியம். ஆங்கிலம் முதலாவதற்கு 'எ', இரண்டாவதற்கு 'ஒன்' என்று பிரிக்கிறது. 'ஒன் மீட்டிங் இஸ் தேர்' என்ற வாக்கியத்தைக் கேட்டதும் பேசுபவர் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். 'ஐ ஹேவ் எ மீட்டிங்' போதும்.

'ஆன்' போட, தமிழில் எழுதிப் பாருங்கள்

உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு 'ஆன்' என்று பள்ளியில் சொன்னார்கள். ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகளை வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் இந்த விதி எழுத்துக்கு அல்ல, ஒலிக்கு. தமிழில் எழுத்தும் ஒலியும் ஏறக்குறைய ஒன்று என்பதால், சந்தேகம் வந்தால் அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். எம்.பி.ஏ., எல்.ஐ.சி., எஃப்.ஐ.ஆர்., என்.ஓ.சி., ஆர்.டி.ஐ., எஸ்.எம்.எஸ்., எக்ஸ்ரே: எல்லாம் நம் உயிரெழுத்தில் தொடங்குகின்றன, எனவே 'ஆன்'. யூனிவர்சிட்டி, யூனிட், யூசர், யூ.பி.ஐ., யூ.எஸ்.பி., யூரோப்பியன்: எல்லாம் யகரத்தில் தொடங்குகின்றன, எனவே 'எ'. ஆனஸ்ட், மணியைக் குறிக்கும் அவர், வாரிசைக் குறிக்கும் ஏர்: ஆங்கிலத்தில் முன்னால் ஊமையாக நிற்கும் எழுத்து தமிழில் வரவே வராது, எனவே 'ஆன்'. என்.ஜி.ஓ.வுக்கு 'ஆன்', நாசா விஞ்ஞானிக்கு 'எ'.

நமக்கே 'ஓர் ஊர், ஒரு கிராமம்' என்று இதே பழக்கம் உண்டு. பேச்சில் எங்கும் 'ஒரு' என்று போய்விட்டாலும், எழுத்தில் உயிருக்கு முன் 'ஓர்' என்பதைத் தமிழாசிரியர்கள் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டு இடங்களில் மட்டும் இந்த வழி சறுக்கும். 'ஒன்' என்று நாம் எழுதுவது ஆங்கிலத்தில் வகர ஒலியோடு தொடங்குகிறது. ஆகவே 'எ ஒன்-டைம் பாஸ்வேர்டு'. ஆனால் ஓ.டி.பி. என்று சுருக்கினால் 'ஆன் ஓ.டி.பி.'. இன்னொன்று ஹெச்.ஆர். நாம் 'ஹெச்' என்கிறோம், ஆங்கில அகராதிகள் 'எய்ச்' என்கின்றன. எழுத்தில் 'ஆன் ஹெச்.ஆர். மேனேஜர்' என்றே போடுங்கள். எம்.பி.ஏ.வை 'யெம்பியே' என்று உச்சரிக்கும் வழக்கம் இருந்தால் உங்கள் காது 'எ' என்று சொல்லும். காதை நம்பாதீர்கள், எழுதிப் பார்த்ததை நம்புங்கள்.

லீவ், பெர்மிஷன், வேலை

எண்ண முடிந்தது, எண்ண முடியாதது என்ற பாகுபாடு ஆங்கிலத்தில் அலுவலகம் முழுக்க விரவிக் கிடக்கிறது. இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபீட்பேக், எக்விப்மெண்ட், ஃபர்னிச்சர், சாஃப்ட்வேர், ஸ்டேஷனரி, லக்கேஜ், ரிசர்ச், ப்ராக்ரஸ் ஆகியவற்றுக்கு முன்னால் 'எ'யும் வராது, பின்னால் பன்மை 'ஸ்'ஸும் ஒட்டாது. 'சம் ஃபீட்பேக்' என்று சொல்லலாம். ஒன்று என்று அழுத்த வேண்டுமானால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்'. 'மச்', 'லிட்டில்', 'லெஸ்' மூன்றும் இவற்றோடு சேரும். 'மெனி', 'ஃபியூ', 'ஃபியூவர்' எண்ணக்கூடியவற்றோடு சேரும். கடைசி ஜோடியில் ஆங்கிலேயர்களே தகராறு செய்துகொள்கிறார்கள். பிரிட்டனின் டெஸ்கோ கடைகளில் '10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' என்று இருந்த பலகையில், 'லெஸ்' தவறு, 'ஃபியூவர்' என்று இருக்க வேண்டும் எனப் பலர் சண்டைக்கு வர, நிறுவனம் 2008-ல் அதை 'அப் டு 10 ஐட்டம்ஸ்' என்று மாற்றித் தப்பித்தது.

பட்டியலை விட, நம் அலுவலகங்களுக்கே உரிய மூன்று சொற்களில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறோம். 'ஐ நீட் எ லீவ் டுமாரோ' என்கிறோம். விடுப்பு என்ற பொருளில் 'லீவ்' எண்ணிக்கைக்கு வராது. 'ஐ உட் லைக் டு டேக் லீவ் டுமாரோ' அல்லது 'ஐ நீட் எ டே ஆஃப்'. இரண்டு நாள் என்றால் 'டூ டேஸ் லீவ்'. அடுத்து, 'ஒரு மணி நேரம் பெர்மிஷன்' என்ற நம் ஊர்ப் பொன்மொழி. இதை அப்படியே 'ஒன் அவர் பெர்மிஷன்' என்று வெளிநாட்டு மேலாளருக்கு எழுதினால், எதற்கு அனுமதி என்று அவர் கேட்பார். சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றால் அதையே சொல்லுங்கள்: 'மே ஐ லீவ் ஆன் அவர் எர்லி டுடே?'

மூன்றாவது, வேலை. 'ஒரு வேலை இருக்கு, அப்புறம் பேசறேன்' என்பதை 'ஐ ஹேவ் எ வொர்க்' என்று ஆக்குகிறோம். எண்ணிக்கைக்கு வரும்போது 'எ வொர்க்' என்பது படைப்பு: ஓவியமோ நாவலோ. 'ஐ ஹேவ் சம் வொர்க் டு ஃபினிஷ்' என்பதுதான் சரி. உத்தியோகத்தைச் சொல்ல வேண்டுமானால் அது 'ஜாப்'; அதற்கு 'எ' வரும். 'எ ஸ்டாஃப்' என்று ஓர் ஊழியரைச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். ஸ்டாஃப் என்பது மொத்தக் கூட்டம், ஒருவர் என்றால் 'எ ஸ்டாஃப் மெம்பர்'. அனுபவத்துக்கு இரண்டு முகம். வேலை அனுபவம் எண்ணிக்கைக்கு வராது. திருப்பதிக்கு நடந்து போன அனுபவம் 'ஆன் எக்ஸ்பீரியன்ஸ்'. ரெஸ்யூமேயில் 'எக்ஸ்பீரியன்ஸஸ்' என்று தலைப்புப் போட்டவர்கள் இப்போதே மாற்றலாம்.

இன்னும் ஒன்று, நேர்காணலில் தவறாமல் விழுவது: 'ஐ வாஸ் ஒன் ஆஃப் தி பெஸ்ட் எம்ப்ளாயி'. பலரில் ஒருவர் என்பதால் 'எம்ப்ளாயீஸ்' என்று பன்மை வேண்டும். 'எவ்ரி'க்குப் பின் நேர் எதிர், ஒருமை மட்டுமே. 'மோஸ்ட் ஆஃப் பீப்பிள்' என்பதும் கிடையாது. 'மோஸ்ட் பீப்பிள்', அல்லது குறிப்பிட்ட கூட்டத்தைச் சொன்னால் 'மோஸ்ட் ஆஃப் தி பீப்பிள்'.

வரிசை தப்பினால்

ராண்டால்ஃப் குவர்க்கும் அவரோடு மூவரும் சேர்ந்து 1985-ல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணம், டிடர்மினர்களை மூன்று இருக்கைகளில் உட்கார வைக்கிறது. முதல் இருக்கை 'ஆல்', 'போத்', 'ஹாஃப்' போன்றவற்றுக்கு. நடு இருக்கை 'எ', 'தி', 'திஸ்', 'மை' போன்றவற்றுக்கு. கடைசி இருக்கை எண்களுக்கும் 'மெனி', 'ஃபியூ' போன்றவற்றுக்கும். நடு இருக்கையில் ஒருவர்தான் உட்காரலாம்.

இதைத் தெரிந்துகொண்டால் நம் தமிழ் எங்கே எட்டிப் பார்க்கிறது என்பது உடனே பிடிபடும். 'என் எல்லா ஃபைலும்' என்பதை வரிசை மாற்றாமல் 'மை ஆல் ஃபைல்ஸ்' என்கிறோம். 'ஆல்' முதல் இருக்கைக்காரர். 'ஆல் மை ஃபைல்ஸ்'. 'என்னோட இந்த ப்ராஜெக்ட்' என்பது 'மை திஸ் ப்ராஜெக்ட்' ஆகிறது. இருவரும் ஒரே இருக்கைக்கு மோதுகிறார்கள். ஒருவரைப் பின்னால் அனுப்புங்கள்: 'திஸ் ப்ராஜெக்ட் ஆஃப் மைன்'. 'ஆன் அனதர்' என்பதும் இதே விபத்து. 'அனதர்' என்ற சொல்லுக்குள் 'ஆன்' ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

நடு இருக்கையில் வரும் இன்னொரு சொல்லைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் நமக்குச் சொல்வதில்லை, ஏனென்றால் அது தமிழ் போன்ற சில மொழிகளைப் பேசுபவர்களுக்கு மட்டும் வரும் சங்கடம். நம்முடைய, எங்களுடைய என்று நாம் இரண்டாகப் பிரிப்பதை ஆங்கிலம் 'அவர்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. கிளையன்டுக்கு 'அவர் சர்வர் இஸ் டவுன்' என்று எழுதும்போது, எங்கள் சர்வரா, நம் இருவருக்கும் பொதுவான சர்வரா என்று உங்களுக்குள் தெளிவாக இருக்கும். எழுத்தில் அது இராது. பொறுப்பும் பணமும் சம்பந்தப்பட்ட வாக்கியங்களில் 'அவர்' வேண்டாம். யாருடைய சர்வர் என்று பெயரைச் சொல்லியே எழுதுங்கள்.

பெயர்களுக்கு முன் 'தி'

இதை வேகமாகக் கடந்துவிடலாம். நாடுகளுக்குப் பொதுவாக 'தி' வேண்டாம்: இந்தியா, சிங்கப்பூர், ஜெர்மனி. யூ.எஸ்., யூ.கே., யூ.ஏ.இ., நெதர்லாந்து, பிலிப்பைன்ஸ் ஆகியவற்றுக்கு வேண்டும். முன்பு 'தி உக்ரைன்' என்று எழுதிவந்தார்கள். 1991-ல் விடுதலை பெற்ற பிறகு அந்த நாடு 'தி' இல்லாமல் எழுதச் சொல்கிறது. அந்த ஊர்க் கிளையன்டுக்கு எழுதும்போது இது மரியாதைப் பிரச்சினை. எழுத்தெழுத்தாகப் படிக்கும் அமைப்புகளுக்குப் பெரும்பாலும் 'தி' உண்டு: 'தி ஆர்.பி.ஐ.', 'தி ஐ.எம்.எஃப்.'. ஒரே சொல்லாகப் படிக்கும் இஸ்ரோ, நாசா, யுனெஸ்கோவுக்கு இல்லை. டி.சி.எஸ்., ஐ.பி.எம். போன்ற நிறுவனப் பெயர்களுக்கும் ஐ.ஐ.டி. மெட்ராஸுக்கும் தேவையில்லை. 'தி இன்ஃபோசிஸ்' என்று கவர் லெட்டரில் எழுதுவது, விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் பெயரையே தப்பாக எழுதுவதற்குச் சமம்.

எங்கே விடலாம், எதை நம்பலாம்

ரெஸ்யூமேயின் புள்ளி வரிகளில் 'எ', 'தி' இரண்டையும் தாராளமாக விடலாம். 'லெட் டீம் ஆஃப் சிக்ஸ்' என்பது அங்கே மரபு. செய்தித் தலைப்பும் அறிவிப்புப் பலகையும் அப்படித்தான். கவர் லெட்டரும் மின்னஞ்சலும் முழு வாக்கியங்கள், அங்கே விடக்கூடாது. ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுபவர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். எழுத்துத் தேர்வுக்கான நான்கு அளவுகோல்களும் சம மதிப்புடையவை, அவற்றில் ஒன்று இலக்கணம். அதில் 7 பேண்ட் பெறப் பிழையில்லாத வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும் என்கிறார்கள். வாக்கியத்துக்கு ஒரு 'தி' விட்டுப்போனால், மற்றபடி அழகான வாக்கியமும் பிழையுள்ள வாக்கியமாகிவிடும். அரசுத் தேர்வுகளிலும் வங்கித் தேர்வுகளிலும் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளுக்கு 'எ', 'ஆன்', 'தி' நிரந்தரச் சரக்கு.

மென்பொருள் திருத்திவிடுமே என்று கேட்கலாம். 'ஆன்' போட வேண்டிய இடத்தில் 'எ' இருந்தால் திருத்திவிடும். 'ஃபீட்பேக்ஸ்' என்று எழுதினால் கோடு போட்டுக் காட்டும். 'ஐ ஹேவ் ஃபியூ க்வெஸ்சன்ஸ்' என்பதை அது அப்படியே கடந்துபோகக்கூடும், ஏனென்றால் அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. நீங்கள் சொல்ல நினைத்தது அது இல்லை என்பது மட்டும்தான் கோளாறு. கிளையன்டுக்கு எந்த இஷ்யூ தெரியும், எது தெரியாது என்பதும் அதற்குத் தெரியாது. காதுக்கு நெருடும் தவறுகளை இயந்திரத்திடம் விட்டுவிடுங்கள், பொருளைப் புரட்டும் தவறுகளை நீங்களே பாருங்கள்.

இன்று கணினியை மூடுவதற்கு முன் உங்கள் 'சென்ட்' பெட்டியைத் திறந்து 'ஃபியூ', 'லிட்டில்', 'எவ்ரி', 'ஆல்' ஆகிய நான்கு சொற்களையும் தேடிப் பாருங்கள். நீங்கள் சொல்ல நினைத்ததற்கு மாறாக ஒரு வாக்கியம் போயிருந்தால், அந்தக் கிளையன்டுக்கு நாளைக் காலை முதல் வேலையாக இரண்டு வரி விளக்கம் எழுதி அனுப்பிவிடுங்கள்.